கத்தரி விழுந்தது கட்டிலிலா, கிழவர் வாயிலா? – 'பேபி ஃபேஸ்' (1933), இரண்டு பிரதிகளையும் பார்த்தவர்கள் வாருங்கள்

#1 நைட்ரேட் நாச்சியார்

சனிக்கிழமை 71 நிமிடம், ஞாயிற்றுக்கிழமை 76 நிமிடம். இரண்டும் ஒரே படம்தான், வார்னர் பிரதர்ஸ் 1933-இல் எடுத்த 'பேபி ஃபேஸ்'. சனிக்கிழமை பார்த்தது அந்தக் காலத்துத் தியேட்டர்களில் ஓடிய பிரதி. ஞாயிறு பார்த்தது தணிக்கைக்கு முந்தைய பிரதி. எழுபது வருடம் கண்ணில் படாமல் கிடந்து, 2004-இல் ஓஹையோ மாநிலம் டேட்டனில், அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் பிலிம் கிடங்கில் கிடைத்தது. அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றித்தான் இந்த இழை.

கதை தெரியாதவர்களுக்கு: பென்சில்வேனியாவில் ஈரி என்ற ஆலை ஊர், மதுவிலக்குக் காலம். லில்லியின் (பார்பரா ஸ்டான்விக்) அப்பன் திருட்டுத்தனமாகச் சாராயக் கடை நடத்துகிறான். வருகிறவர்களுக்குச் சாராயத்தோடு மகளையும் சேர்த்தே விற்கிறான். ஒரு நாள் சாராய அடுப்பு வெடித்து அவன் செத்துப்போகிறான். எரிகிற நெருப்பை லில்லி பார்த்துக்கொண்டு நிற்பாள் பாருங்கள், அந்த முகத்தில் ஒரு சொட்டுத் துக்கம் கிடையாது. கூட வேலை செய்யும் கறுப்பினப் பெண் சிக்கோவை அழைத்துக்கொண்டு சரக்கு ரயிலேறி நியூயார்க் வருகிறாள். ஒரு வங்கிக் கட்டடத்தை அண்ணாந்து பார்க்கிறாள். அப்புறம் மாடிக்கு ஒரு ஆணாக மேலே ஏறுகிறாள். கேமராவும் கட்டடத்துக்கு வெளியே நின்று ஜன்னல் ஜன்னலாக மேலே போகும், ஒவ்வொரு பிரிவின் பெயராகக் காட்டிக்கொண்டு. பின்னணியில் 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்'. ஆரம்பத்தில் அவளிடம் மயங்கி அவளுக்காகச் சிபாரிசு செய்கிற குமாஸ்தாக்களில் ஒருவராகச் சின்னப் பையன் ஜான் வெய்ன் (பிற்பாடு கௌபாய் படங்களில் பேர் வாங்கியவர்) வருகிறார். கோட்டும் டையும் போட்டிருப்பதால் பலருக்கு அடையாளமே தெரிவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஊரில் லில்லி மதிக்கிற ஒரே ஆண் செருப்புத் தைக்கும் கிராக் என்ற கிழவர். அவர் ஜெர்மன் தத்துவவாதி நீட்ஷேயைப் படிக்கிறவர். அசல் பிரதியில் அவர் சொல்வது: உன்னிடம் ஆண்கள் மேல் செல்லுபடியாகும் சக்தி இருக்கிறது, ஆனால் நீ எஜமானியாக இருக்க வேண்டும், அடிமையாக அல்ல, ஆண்களை நீ பயன்படுத்து, அவர்கள் உன்னைப் பயன்படுத்த விடாதே. தியேட்டரில் ஓடிய பிரதியில் அதே கிழவர், அதே கடை, அதே வெளிச்சம். ஆனால் சொல்வது வேறு: நல்ல வழி ஒன்று இருக்கிறது, கெட்ட வழி ஒன்று இருக்கிறது, கெட்ட வழிக்குக் கொடுக்கிற விலை மிகப் பெரியது, சுத்தமாக இரு, உறுதியாக இரு, ஜெயிப்பாய்.

மாடி மாடியாக ஏறியதை அப்படியே விட்டுவிட்டு, ஏறச் சொன்ன வாயை மாற்றியிருக்கிறார்கள். என் கட்சி இதுதான்: தணிக்கைக்காரர்களை உறுத்தியது அவள் படுத்தது மட்டுமல்ல, அவள் யோசித்துப் படுத்தது.

#2 சும்மா_ஒருவன்

நாச்சியார் அக்கா, கொஞ்சம் ஓவர். சரக்கு ரயில் காட்சி போனதே, அது யோசனையா? ரயில் ஊழியன் கீழே இறக்கிவிட வருகிறான், லில்லி அவனைப் பார்த்து ஒரு சிரிப்பு, அவன் கையுறையைக் கழற்றுகிறான், விளக்கு அணைகிறது. அந்தப் பக்கம் சிக்கோ பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறாள். இதை எந்த ஊர் சென்சாரும் வெட்டும். சாராயக் கடையில் அரசியல்வாதி அவள் தொடையில் கை வைக்கிற ஷாட்டும் போயிற்று. 1933-இல் வெட்டியது செக்ஸுக்காகத்தான். "லட்சியம்", "அதிகாரம்" எல்லாம் நாம் இப்போது கண்ணாடி போட்டுப் பார்ப்பது.

#3 ரீல்பெட்டி

இருபத்தாறு வருடம் ஆபரேட்டராக இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். வெட்டுவது சுலபம், மாற்றுவது கஷ்டம். வெட்டுவதென்றால் பிளேடு, பிலிம் சிமெண்ட், ஒரு ஒட்டு, முடிந்தது. திரையில் ஒரு குதி குதிக்கும், ஜனங்கள் விசிலடிப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் ஒருவர் பேசுவதை மாற்ற வேண்டுமென்றால் உதடு இடிக்கும்.

இந்தப் படத்தில் அதை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள். மாற்றிய வசனம் வரும்போது கிழவரின் வாய் நமக்குத் தெரியாது. அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எடுத்த ஷாட். தெரிவதெல்லாம் ஸ்டான்விக்கின் முகம்தான். ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார், மேலே புதுக் குரலை ஏற்றிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், ஸ்டான்விக் அங்கே கேட்டுக்கொண்டிருப்பது பழைய வசனத்தை. ஆண்களைப் பயன்படுத்து என்ற பேச்சுக்குக் காட்டிய முகபாவம், சுத்தமாக இரு என்ற பேச்சுக்கு மேல் ஒட்டிக்கிடக்கிறது. சத்தத்தை நிறுத்திவிட்டு அந்தத் துண்டை மட்டும் ஓட்டிப் பாருங்கள்.

தம்பி சும்மா_ஒருவன், செக்ஸ் மட்டும்தான் பிரச்சினை என்றால் இந்த மெனக்கெடல் எதற்கு? கிழவர் படுக்கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

#4 புதுவரவு_பாலா

ஐயா, அடிப்படையே தெரியாமல் கேட்கிறேன். ஹாலிவுட் சென்சார் 1934-இல்தானே வந்தது? இந்தப் படம் 1933 என்கிறீர்களே. யார் வெட்டினது?

#5 தேவகி_ராப்பாடி

நல்ல கேள்விதான் பாலா. பலரும் குழம்புகிற இடம்.

அமெரிக்காவில் சினிமாவுக்கு ஒரே மத்திய சென்சார் இருந்ததில்லை. மாநிலத்துக்கு மாநிலம், சில ஊர்களுக்கு ஊர், தனித்தனிக் குழு. சிகாகோவில் 1907-லேயே வந்துவிட்டது. அப்புறம் பென்சில்வேனியா, ஓஹையோ, கான்சாஸ், மேரிலாண்டு, நியூயார்க், வர்ஜீனியா. 1915-இல் உச்ச நீதிமன்றம், சினிமா என்பது வெறும் வியாபாரம், பேச்சுரிமைக் கணக்கில் வராது என்று சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு 1952 வரை நின்றது. ஆக ஒரு படம் ஆறேழு கத்தரிகளைத் தாண்ட வேண்டும்.

இதற்குப் பயந்துதான் ஸ்டுடியோக்கள் வில் ஹேஸ் என்பவரைத் தலைவராக வைத்துத் தாங்களே ஒரு சங்கம் அமைத்துக்கொண்டன. 1927-இல் செய்யக்கூடாதவை, எச்சரிக்கையாகச் செய்ய வேண்டியவை என்று ஒரு பட்டியல். 1930-இல் முழு நெறிமுறை. எழுதியவர்கள் மார்ட்டின் குவிக்லி என்ற பத்திரிகை அதிபரும் டேனியல் லார்ட் என்ற பாதிரியாரும். ஆனால் மீறினால் தண்டிக்க ஆளில்லை. அதனால் 1930 முதல் 1934 நடுப்பகுதி வரை நெறிமுறை ஏட்டுச் சுரைக்காய்தான். அந்த நான்கு வருடத்துப் படங்களைத்தான் நெறிமுறைக்கு முந்தைய படங்கள் என்று எல்லோரும் கொண்டாடுகிறோம். பெயர் கொஞ்சம் தப்பு, நெறிமுறை இருந்தது, பல்தான் இல்லை.

'பேபி ஃபேஸ்' 1933 ஏப்ரலில் நியூயார்க் மாநிலக் குழுவிடம் போய் நிராகரிக்கப்பட்டது. நியூயார்க் இல்லையென்றால் வசூல் இல்லை. அதனால் வார்னரே உட்கார்ந்து மாற்றி, ஜூலையில் வெளியிட்டது. ஹேஸ் அலுவலகத்தில் அப்போது இதைக் கவனித்தவர் ஜேம்ஸ் விங்கேட். அவரே முன்பு நியூயார்க் சென்சாரில் தலைமை வகித்தவர்தான்.

1934-இல் கத்தோலிக்கர்கள் கண்ணிய லீக் என்று ஒன்றைக் கட்டி லட்சக்கணக்கில் உறுதிமொழி எடுத்தார்கள். பிலடெல்பியா கார்டினல் சினிமாவுக்கே போகாதீர்கள் என்றார். ஸ்டுடியோக்கள் பணிந்தன. ஜோசப் பிரீன் என்பவர் வந்து உட்கார்ந்தார். அவர் முத்திரை இல்லாமல் படம் விட்டால் 25,000 டாலர் அபராதம். பழைய படத்தை மறுபடி ஓட்ட வேண்டுமென்றாலும் அவர் முத்திரை வேண்டும்.

#6 ரீல்பெட்டி

தேவகி அம்மா சொன்னதோடு ஒரு தொழில் விஷயம். பேசும் படம் வந்த புதிதில் வார்னரின் வைட்டாஃபோன் முறையில் சத்தம் தனி இசைத்தட்டில் இருந்தது, ரீலுக்கு ஒரு தட்டு. ஊர் சென்சார் நடுவில் பத்தடி பிலிமை வெட்டிவிட்டால், தட்டு தன் பாட்டுக்கு ஓடும், படம் முந்திக்கொள்ளும். கதாநாயகி வாயைத் திறந்தால் வில்லன் குரல் வரும். வெட்டிய நீளத்துக்குக் கறுப்புப் பிலிம் ஒட்டினால்தான் சரியாகும். பிற்பாடு சத்தம் பிலிமிலேயே வந்துவிட்டாலும், வெட்டினால் வசனம் பாதியில் நிற்கும், இசை தடுக்கும். ஊமைப் படத்தில் நடுநடுவே வசனம் எழுதிக் காட்டும் டைட்டில் கார்டை மாற்றினால் கதையே மாறிவிடும், செலவு சொற்பம். பேசும் படத்தில் அது நடக்காது. அதனால்தான் எடுக்கிறதுக்கு முன்னாலேயே கதைத்தாளில் கத்தரி போடுகிற பழக்கம் முதலாளிகளுக்குப் பிடித்துப்போனது. ஒழுக்கம் ஒரு பக்கம், பிலிம் செலவு ஒரு பக்கம்.

#7 நைட்ரேட் நாச்சியார்

மேற்கோள், சும்மா_ஒருவன்: "வெட்டியது செக்ஸுக்காகத்தான்."

வெட்டியது என்றால் ஒப்புக்கொள்கிறேன். சேர்த்தது எதற்காக என்று கேளுங்கள்.

படத்தின் நடுவில் கிறிஸ்துமஸுக்குக் கிராக் அவளுக்கு ஒரு நீட்ஷே புத்தகம் அனுப்புகிறார், ஒரு பத்தியைக் குறித்து. வாழ்க்கையை உள்ளபடி எதிர்கொள், நிலாவுக்கு ஏங்கிச் சக்தியை வீணாக்காதே, உணர்ச்சிகளை நசுக்கு. தியேட்டர் பிரதியில் அந்த இடத்தில் ஒரு கடிதத்தைச் செருகியிருக்கிறார்கள், நீ நல்ல வழியைக் கண்டுபிடிக்கவில்லை என்று தெரிகிறது என வாத்தியார் கண்டிப்பது போல.

அப்புறம் முடிவு. வங்கித் தலைவர் ட்ரென்ஹோமை (ஜார்ஜ் பிரென்ட்) அவள் கல்யாணம் செய்துகொள்கிறாள். வங்கி முழுகுகிறது. அவள் சேர்த்து வைத்த நகை, பத்திரம் எல்லாம் சேர்த்து ஐந்து லட்சம் டாலர். கொடு என்கிறான். மாட்டேன் என்கிறாள். என் வாழ்க்கை கசப்பு, எனக்குள் இருந்த மென்மையெல்லாம் கொல்லப்பட்டுவிட்டது, இந்தப் பொருள்கள் இல்லையென்றால் நான் ஒன்றுமே இல்லை என்று அவள் சொல்வதை ஸ்டான்விக் அழாமல் சொல்வார். அழுதிருந்தால் அது சாதாரண வசனம். கணக்குப் புத்தகம் வாசிக்கிற மாதிரி சொல்கிறார், வயிற்றைப் பிசைகிறது.

அப்புறம் மனம் மாறித் திரும்புகிறாள், அவன் தன்னைச் சுட்டுக்கொண்டு கிடக்கிறான், ஆம்புலன்ஸில் நகைப்பெட்டி விழுந்து திறந்துகொள்கிறது, பரவாயில்லை என்கிறாள். அசல் பிரதி அங்கேயே முடிகிறது. தியேட்டர் பிரதி அங்கே நிற்காது. வங்கி இயக்குநர்கள் கூடி உட்கார்ந்து, அந்தத் தம்பதி கடைசிக் காசு வரை கொடுத்துவிட்டார்கள், அவன் இப்போது பிட்ஸ்பர்க் இரும்பாலையில் கூலிவேலை செய்கிறான் என்று நமக்குச் சொல்கிறார்கள். ஆலைப் புகையிலிருந்து தப்பி வந்தவளை மறுபடி ஆலைப் புகையில் கொண்டுபோய் விட்டால்தான் நியூயார்க்காரர்களுக்குத் திருப்தி. அவள் காதலித்துவிட்டாள் என்பது போதவில்லை. பணம் கையை விட்டுப் போக வேண்டும், அதை நாம் பார்க்க வேண்டும்.

#8 சும்மா_ஒருவன்

சரி, பணம் போக வேண்டும் என்பது பெண்ணுக்கு மட்டுமா? அதே காலத்துக் கேங்ஸ்டர் படங்களைப் பாருங்கள். 'ஸ்கார்ஃபேஸ்' 1932. ஹோவர்ட் ஹியூஸ் பணம் போட்ட படம். சென்சாருக்காகத் தலைப்போடு தேசத்தின் அவமானம் என்று வால் ஒட்டினார்கள். கதாநாயகன் போலீஸ் குண்டில் சாவது போதாது என்று அவனைத் தூக்கில் போடுகிற இன்னொரு முடிவு எடுத்தார்கள், அதிலும் முகமே காட்டாமல், ஏனென்றால் நடிகர் பால் முனி அப்போது இல்லை. ஆண் லட்சியவாதிக்கும் அதே தண்டனைதான். நெறிமுறையின் முதல் கொள்கையே பார்வையாளரின் அனுதாபம் குற்றத்தின் பக்கமோ பாவத்தின் பக்கமோ சாயக்கூடாது என்பது. அதில் ஆண் பெண் என்ற பேதமே இல்லை.

#9 தேவகி_ராப்பாடி

தம்பிக்கு ஆதரவாக வருகிறேன் என்று நினைக்க வேண்டாம். நாச்சியாரின் கட்சியை இன்னொரு பக்கத்திலிருந்து உலுக்கப் பார்க்கிறேன்.

'பேபி ஃபேஸின்' திரைக்கதை ஜீன் மார்க்கியும் கேத்ரின் ஸ்கோலாவும் எழுதியது. மூலக்கதை டாரில் ஜானக், புனைபெயரில். அதே மார்க்கி, ஸ்கோலா ஜோடி அதே 1933-இல் அதே வார்னருக்கு 'ஃபீமேல்' எழுதியது. ரூத் சாட்டர்டன், அப்பா விட்டுப்போன கார் கம்பெனியின் தலைவி. மேஜையைச் சுற்றி ஆண்கள் நடுங்குவார்கள். பிடித்த இளைஞனை இரவு விருந்துக்கு வீட்டுக்கு அழைப்பாள், மணியடித்து வோட்கா வரவழைப்பாள், மறுநாள் ஆபீஸில் அவன் பூ நீட்டினால் இடமாற்றம் கொடுப்பாள். கொஞ்ச நேரம் ஆனந்தமாகப் போகும். அப்புறம் ஒரு இன்ஜினியர் வருகிறான். கடைசியில் கம்பெனியை நீயே நடத்து, நான் ஒன்பது பிள்ளை பெறுகிறேன் என்று அவனிடம் சொல்லிவிடுகிறாள். ஒன்பது!

பிரீன் இன்னும் வரவில்லை. அந்த முடிவை எந்தச் சென்சாரும் வந்து ஒட்டவில்லை, எழுதியவர்களே வைத்தது. இன்ஜினியர் யார் தெரியுமா? அதே ஜார்ஜ் பிரென்ட். ஒரே வருடத்தில் இரண்டு பெண்கள் ஏணியை விட்டு இறங்கும்போது கீழே கை நீட்டிக்கொண்டு நின்றவர் அவர்தான். நிஜ வாழ்வில் அப்போது சாட்டர்டனின் கணவரும்.

இன்னொன்று, 'ஆன் விக்கர்ஸ்', அதுவும் 1933. ஐரீன் டன் சிறைச் சீர்திருத்தம் செய்யும் பெண். கடைசியில் காதலனிடம் தன்னை லட்சியம் என்ற சிறையிலிருந்து விடுவித்தாய் என்கிறாள். இதற்கும் சென்சாரைத் திட்ட முடியாது. அது சின்க்ளேர் லூயிஸ் நாவலின் கடைசிப் பக்கத்திலேயே இருக்கிறது. நோபல் வாங்கின கை எழுதியது.

பெண் இயக்குநர் எடுத்தால்? டாரத்தி ஆர்ஸ்னரின் 'கிறிஸ்டோபர் ஸ்ட்ராங்', மறுபடியும் 1933. கேத்தரின் ஹெப்பர்ன் விமான ஓட்டி. கட்டில் காட்சியில் ஆளையே காட்ட மாட்டார் ஆர்ஸ்னர். மேஜை விளக்கு, அதன் கீழே ஒரு கை, கையில் அவன் கொடுத்த காப்பு, இப்போது எனக்கு விலங்கு மாட்டியாகிவிட்டது என்று ஒரு குரல். அந்தக் குரலுக்காகவே படத்தைப் பார்க்கலாம். ஆனால் முடிவில் கர்ப்பிணியான அவள் உயரச் சாதனையை முறியடித்த கையோடு ஆக்சிஜன் முகமூடியைக் கழற்றி எறிந்து விழுந்து சாகிறாள்.

ஆக, கத்தரி பிடித்தவர்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் மற்றவர்கள் தப்பித்துவிடுவார்கள்.

#10 கடைசிபெஞ்ச் கமலி

யாரும் 'ரெட்-ஹெடட் வுமன்' பற்றிப் பேசவில்லையே? 1932, எம்ஜிஎம், ஜீன் ஹார்லோ. இவளும் லில்லிதான், சுருக்கமாக லில். முதலாளியை மயக்கி, குடும்பத்தைக் கெடுத்து, கல்யாணம் செய்து, அவனைச் சுட்டும் விடுகிறாள். அவன் வழக்குப் போடவில்லை. கடைசியில் பாரிஸ் குதிரைப் பந்தயத்தில் ஒரு பணக்காரக் கிழவரின் பக்கத்தில் கோப்பை வாங்கிக்கொண்டு நிற்கிறாள். காரில் ஏறினால் முன்னால் ஓட்டுநராக அவளுடைய கள்ளக் காதலன் (சார்ல்ஸ் போயே). தண்டனை பூஜ்யம்.

முதலில் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் எழுதினாராம். ரொம்ப சீரியஸாக இருக்கிறது என்று எம்ஜிஎம் தயாரிப்புத் தலைவர் தால்பெர்க் தூக்கிப்போட்டுவிட்டு அனிதா லூஸிடம் கொடுத்தார். லூஸ் அதைக் கேலியாக்கினார். ஆரம்பத்திலேயே ஹார்லோ கடையில் நின்று, வெளிச்சத்தில் இந்த உடை ஊடுருவித் தெரிகிறதா என்று கேட்பாள். தெரிகிறது என்பாள் கடைக்காரி. அப்படியானால் இதையே போட்டுக்கொள்கிறேன் என்பாள். சிரித்துவிட்டோம், அப்புறம் அவளை எப்படித் தண்டிப்பது?

சிரிப்பு வந்தால் கத்தரிக்கு முனை மழுங்கிவிடுகிறது என்று நினைக்கிறேன். (பிரிட்டனில் மழுங்கவில்லை, அங்கே தடை.) சிரிப்பு நடிகை மே வெஸ்ட் கதையும் அதுதான். பாவம் ஸ்டான்விக், அவர் லில்லியை விளையாட்டாக நடிக்கவில்லை, அதுதான் வினை.

#11 நைட்ரேட் நாச்சியார்

கமலி, அருமை. தேவகி அக்கா, பலமாக அடித்துவிட்டீர்கள். 'ஃபீமேல்' கடைசிக் காட்சியில் நான் டிவியைப் பார்த்துக் கத்தினேன், பக்கத்து வீட்டில் கதவைத் தட்டினார்கள்.

இருந்தாலும் சும்மா_ஒருவனுக்கு ஒரு பதில் பாக்கி. கேங்ஸ்டருக்கும் தண்டனை உண்டு என்பது சரி. ஆனால் கேங்ஸ்டர் செய்தது சட்டப்படி குற்றம். லில்லி சட்டப்படி என்ன குற்றம் செய்தாள்? அவளிடம் மயங்கிய ஸ்டீவன்ஸ் என்பவன் தன் மாமனாராகப் போகிறவரைச் சுட்டுத் தன்னையும் சுட்டுக்கொள்கிறான், அது அவன் செய்தது. இவள் யார் சட்டைப் பையிலும் கை வைக்கவில்லை.

இன்னொன்று. அதே காலத்துப் படங்களில் ஆணுக்கு நேர்வழி ஒன்று எப்போதும் காட்டப்படும். குமாஸ்தா மேலாளராவான், மெக்கானிக் முதலாளியாவான், நாம் கைதட்டுவோம். மாற்றப்பட்ட கிராக் கிழவர் நல்ல வழி ஒன்று இருக்கிறது, பெரிய ஊருக்குப் போ, வாய்ப்புகள் கிடைக்கும் என்கிறாரே, அந்த வழி எது என்று 71 நிமிடத்தில் எங்காவது காட்டுகிறார்களா? அந்த வங்கியில் பெண்கள் கோப்பு அடுக்குகிறார்கள், டைப் அடிக்கிறார்கள். எந்தப் பெண்ணும் எந்த மாடியையும் நடத்தவில்லை. பாரிஸ் கிளைக்கு அனுப்பியதும் லில்லி ஒழுங்காக வேலை செய்து பெயர் வாங்குகிறாள், கெட்டிக்காரிதான். அதை வைத்து ஒரு படம் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. தலைவன் வந்து நின்றதும் வேலை மறைந்துவிடுகிறது. சென்சார் நேர்வழியின் பெயரை மட்டும் ஒட்டியது, வழி போடவில்லை.

#12 கோடம்பாக்கம் குப்பன்

நடுவில் ஒரு கிளைக்கதை, திட்டாதீர்கள். ஹாலிவுட் பெண்களைப் பார்த்துப் பயந்தவர்கள் அமெரிக்காவில் மட்டும் இல்லை. 1927-28-இல் பிரிட்டிஷ் இந்திய அரசு ஒரு சினிமா விசாரணைக் குழு போட்டது. தலைவர் நம்ம சென்னை வக்கீல் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். குழு போடுவதற்குப் பின்னால் இருந்த கவலைகளில் ஒன்று, அமெரிக்கப் படங்களில் வெள்ளைக்காரிகள் குடித்துக் கூத்தடிப்பதை இந்தியர்கள் பார்த்தால் ஆளும் இனத்தின் மேல் இருக்கிற மரியாதை போய்விடுமே என்பது. பிரிட்டிஷ் படங்களுக்குச் சலுகை கொடுக்கலாமா என்பது கூடவே வந்த வியாபாரக் கணக்கு. குழு அதற்குத் தலையாட்டவில்லை. அங்கே ஒழுக்கம் என்றார்கள், இங்கே கௌரவம் என்றார்கள். சரி, இழைக்குத் திரும்புங்கள்.

#13 சும்மா_ஒருவன்

ரயில் காட்சியை மறுபடி பார்த்தேன். ரீல்பெட்டி மாமா சொன்ன முதுகு ஷாட்டையும் சத்தமில்லாமல் பார்த்தேன். பாதி ஒப்புக்கொள்கிறேன். செக்ஸுக்காக வெட்டினார்கள், யோசனைக்காக மாற்றினார்கள். இரண்டும் நடந்திருக்கிறது.

ஆனால் ஒரு கேள்வி. 1934-க்குப் பிறகு லட்சியப் பெண் திரையை விட்டே போய்விட்டாளா? 'மில்ட்ரெட் பியர்ஸ்' 1945 இருக்கிறதே. சர்வராக ஆரம்பித்து ஹோட்டல் ஹோட்டலாகத் திறக்கிறாள். அதற்கு ஜோன் க்ராஃபர்டுக்கு ஆஸ்கர் கூடக் கிடைத்தது.

#14 தேவகி_ராப்பாடி

கிடைத்தது. ஆனால் படம் எங்கே ஆரம்பிக்கிறது? துப்பாக்கிச் சத்தத்தில். ஜேம்ஸ் கெய்னின் 1941 நாவலில் கொலையே கிடையாது. படத்துக்காகச் சேர்த்தார்கள். ஒரு பெண் கேக் செய்து விற்று, கடன் வாங்கி, ஓட்டல் நடத்தி முன்னேறிய கதை முழுவதையும் அவள் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து வாக்குமூலமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நேர்வழியில்தான் சம்பாதித்தாள், நாச்சியார் கேட்ட அதே நேர்வழி. அதற்கும் மகள் கொலைகாரியாகிவிடுகிறாள், கம்பெனி கைவிட்டுப் போகிறது, பழைய கணவன் வாசலில் காத்திருக்கிறான்.

கடைசி ஷாட்டை உற்றுப் பாருங்கள். கணவனும் மனைவியும் விடியல் வெளிச்சத்தை நோக்கி நடக்கிறார்கள். முன்னால் இரண்டு பெண்கள் மண்டியிட்டுத் தரையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதை அங்கே வைத்தவர்கள் நமக்கு என்ன சொல்ல நினைத்தார்களோ, எனக்கு அந்த வாளிதான் கண்ணில் நிற்கிறது.

#15 கடைசிபெஞ்ச் கமலி

தரை தேய்ப்பவர்கள் என்றதும் சிக்கோ நினைவு வருகிறாள். தெரசா ஹாரிஸ் நடித்தது. சாராயக் கடையில் அப்பன் அவளை வேலையை விட்டு அனுப்பப் பார்க்கும்போது, சிக்கோ போனால் நானும் போவேன் என்று லில்லி நிற்பாள். 1933-இல் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் கறுப்பினப் பெண்ணும் இப்படித் தோளோடு தோள் நின்றது அபூர்வம். ஆனால் நியூயார்க் போனதும் தோழி வேலைக்காரியாகிவிடுகிறாள். லில்லி மாடி ஏற ஏற, சிக்கோவின் ஏப்ரன் வெள்ளையாகிறது, அவ்வளவுதான். அவளுக்கு லட்சியம் இருந்ததா என்று வெட்டுவதற்குக் கூட ஒரு காட்சி இல்லை. கறுப்பு வெள்ளைக் கலப்புக் காதலை நெறிமுறை எழுத்தில் தடுத்ததே, சிக்கோ போன்றவர்களுக்குத் திரையில் வேறென்ன மிச்சம்?

#16 ரீல்பெட்டி

கமலி சொன்னபிறகுதான் உறைக்கிறது. அத்தனை தடவை பார்த்தும் நான் ஒட்டுகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

#17 நைட்ரேட் நாச்சியார்

நேற்று அம்மா வந்திருந்தார்கள். தியேட்டர் பிரதியின் கடைசிப் பத்து நிமிடத்தை அவர்களோடு மறுபடி பார்த்தேன். இங்கிலீஷ் அவ்வளவாகப் புரியாது, நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தேன். ஆம்புலன்ஸ், பெட்டி, இயக்குநர்கள் கூட்டம், கடைசிக் காசையும் கொடுத்துவிட்டார்கள் என்ற பேச்சு, பிட்ஸ்பர்க் புகை. படம் முடிந்தது. அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்கள்: "எல்லாத்தையும் கொடுத்துட்டா சரி. கூடவே வந்தாளே அந்தக் கறுப்புப் பொண்ணு, அவ சம்பளப் பாக்கியைக் கொடுத்தாளா?"

திருப்பி ஓட்டிப் பார்த்தேன். அந்தக் கூட்டத்தில் யாரும் அவள் பெயரைச் சொல்லவில்லை.